காய்ச்சல் என்று எழுதியிருந்தால்

1

நேற்று சாயங்காலத்திலிருந்து யாரையாவது பிடித்து உட்கார வைத்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று மனசு கிடந்து துடிக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. தம்பிக்குக் கல்யாணம் முடிந்து ஆறு நாள். அவனும் புதுப்பெண்ணும் விருந்துக்குப் போயிருக்கிறார்கள். அம்மா பலகாரத்தைப் பங்கு பிரித்து வீடு வீடாகக் கொடுத்தனுப்பும் மும்முரத்தில் இருக்கிறாள். அதனால் திருப்பூர் வீரபாண்டியில் தம்பியின் பனியன் கம்பெனி ஆபீஸ் அறையில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாற்பது தையல் மெஷின்கள் ஓடுகின்றன. எனக்கு இந்தச் சத்தத்தில்தான் யோசனை ஓடும். ஜெர்மனியின் அமைதியில் பதினோரு வருடமாக நான் உருப்படியாக எதையும் யோசித்ததில்லை!

நான் பிரபா. ஜெர்மனியின் தெற்கே ஒரு மலையடிவார ஊரில் இருக்கிறேன். திருப்பூரில் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் பல அந்த மலைப்பக்கத்திலிருந்து வந்தவை. என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட மெஷின் கம்பெனி ஒன்றில்தான் வேலை பார்க்கிறார். ஒரே மகள் சம்யுக்தா, பத்து வயது, நான்காம் வகுப்பு. கனவில் ஜெர்மனில் பேசுவாள். பசித்தால் மட்டும் தமிழ்.

தம்பி கல்யாணத்துக்கு வைகாசியில் முகூர்த்தம் குறித்தார்கள். அவளுடைய பள்ளியில் இரண்டு வார விடுமுறை தொடங்குவதற்குச் சரியாக இரண்டு நாள் முன்னால்! கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலையும் கூடையுமாக அவன் பக்கத்தில் நின்று செய்கிற சீர். கூடப்பிறந்தவள் இல்லாதவர்கள் பங்காளி வீட்டுப் பெண்ணை நிறுத்திக்கொள்வார்கள். குத்துக்கல்லாட்டம் நான் இருக்கும்போது இன்னொருத்தி நிற்பதா? செவ்வாய்க்கிழமை விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நான்கு நாள் பள்ளிக்கூடம் போகும். அதற்கென்ன, ஒரு லீவ் லெட்டர் எழுதினால் ஆயிற்று!

அங்கேதான் சனியன் பிடித்தது.

2

நம்மூரில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. லீவ் லெட்டர் என்றால் காய்ச்சல். சித்தப்பா கல்யாணமா, காய்ச்சல். மாரியம்மன் கோயில் பொங்கலா, காய்ச்சல். வீட்டுப்பாடம் எழுதவில்லையா, கடும் காய்ச்சல். பன்னிரண்டு வருடப் பள்ளி வாழ்க்கையில் நான் எழுதிய காய்ச்சலை எல்லாம் கூட்டினால் ஓர் ஆஸ்பத்திரியே கட்டலாம்.

விடுமுறையை ஒட்டி லீவு கேட்டால் அந்தப் பள்ளியில் லேசில் தரமாட்டார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் பயமுறுத்தியிருந்தார்கள். விமான நிலையத்தில் போலீஸே பிள்ளைகளைப் பிடித்து விசாரிக்குமாம். “கேட்டுத்தான் பாரேன்” என்றார் வீட்டுக்காரர். “கேட்டு இல்லைன்னுட்டா அப்புறம் காய்ச்சல்னும் எழுத முடியாதுங்க” என்றேன். என்ன ஒரு சாமர்த்தியம் பாருங்கள். வியாழக்கிழமை சாப்பிடும்போது சம்யுவிடம், “செவ்வாய்க்கிழமை காலைல அம்மா மெயில் போட்டுருவேன், உனக்குக் காய்ச்சல்னு. நீ யார்கிட்டயும் மூச்சு விடாத. திரும்பி வந்து கேட்டாலும் காய்ச்சல்னே சொல்லு” என்றேன். தோசையை மென்றபடி தலையாட்டினாள்.

அவள் வகுப்பில் வெள்ளிதோறும் கடைசி மணி நேரம் ‘கிளாஸன்ராட்’ நடக்கும். நம் வார்த்தையில் வகுப்பு மன்றம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். ஒரு பிள்ளை தலைமை, ஒரு பிள்ளை மணி அடித்து நேரம் பார்க்கும், ஒரு பிள்ளை நடப்பதை எழுதும். ஆசிரியையும் அந்த வட்டத்தில் ஒருத்தி. பேச வேண்டுமானால் அவரும் கையைத் தூக்க வேண்டும். முதல் சுற்றில், இந்த வாரம் எனக்கு எதனால் சந்தோஷம் என்று எல்லோரும் சொல்ல வேண்டும்.

என் மகளின் முறை வந்தது. “செவ்வாய்க்கிழமை என் மாமா கல்யாணத்துக்கு இந்தியா போகிறேன். எனக்குக் காய்ச்சல் என்று அம்மா எழுதுவார். அதனால் சந்தோஷம்” என்று சொல்லிவிட்டாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த வட்டத்தில் உண்மை சொன்னதால் யாருக்கும் எதுவும் ஆனதை அவள் பார்த்ததே இல்லை. அவளுக்கு அது ஒரு சந்தோஷச் செய்தி, அவ்வளவுதான். பிள்ளைகள்தான் அதைப் பிடித்துக்கொண்டார்கள். “உன் அம்மா ஏன் நேராகக் கேட்கவில்லை?” என்று ஒரு பையன் கேட்டான். “தெரியவில்லை” என்றாளாம் இவள். அதையும் எழுதுகிற பிள்ளை ஒழுங்காக எழுதிக்கொண்டதாம்.

திங்கட்கிழமை தலைமை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார். முப்பத்தெட்டு வயதுப் பொம்பளை நான்; அந்த வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் திட்டவே இல்லை. கல்யாணப் பத்திரிகை இருக்கிறதா என்று கேட்டார். போனில் காட்டினேன். முழுக்கத் தமிழ். கோயில் பெயரும் குலக் கூட்டத்தின் பெயரும் பெரியப்பா சித்தப்பா பட்டியலுமாக ஒரு பக்கம் நிறைய. தேதியை மட்டும் எண்களில் கண்டுபிடித்தார். என் பெயருக்குப் பக்கத்தில் ‘ஜெர்மனி’ என்று தம்பி பெருமையாக அச்சடித்திருந்ததை நான் தொட்டுக் காட்டியதும் சிரித்தார். “உடன்பிறந்தவர் கல்யாணத்துக்கு விதியிலேயே இடம் இருக்கிறதே, கேட்டிருக்கலாமே” என்று சொல்லி நான்கு நாளுக்குக் கையெழுத்துப் போட்டார். சம்யு இந்தியாவில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வந்து வகுப்பு மன்றத்தில் சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். நான்கு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக வந்திருப்பேன்.

போகட்டும், அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டில் ஒன்று போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்தே நான் எதைச் சொன்னாலும் சம்யு தலையைச் சாய்த்து, “நெஜமாவா? காய்ச்சல் மாதிரியா?” என்பாள். ஊரில் மாம்பழம் கிடைக்கும் என்றால் காய்ச்சல் மாதிரியா. ஊசி வலிக்காது என்றால் காய்ச்சல் மாதிரியா. விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்கு ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. பெற்ற பிள்ளை என் வார்த்தையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொள்கிறது. அதை எப்படித் திரும்பச் சம்பாதிப்பது என்று தெரியாமல்தான் விமானம் ஏறினேன்.

3

ஏன் நேராகக் கேட்கவில்லை என்று வகுப்பு மன்றத்தில் அந்தப் பையன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. சம்யுவிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் வீட்டு முன்புறம் ஆறு மெஷின் போட்டு அப்பா ஒரு சின்ன பவர் டேபிள் நடத்தினார். பெரிய கம்பெனிகளிடம் வெட்டிய துணி வாங்கித் தைத்துக் கொடுக்கிற இடம். ஷிப்மெண்ட் நெருக்கடி வந்தால் வீட்டில் கை கால் உள்ள ஜீவன் எல்லாம் பிசிறு வெட்ட உட்கார வேண்டும். தைத்து முடித்த பனியனில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை எல்லாம் சின்னக் கத்தரியால் நறுக்குகிற வேலை. ஏழாம் வகுப்பில் ஒரு முறை அப்படி இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை.

மூன்றாம் நாள் லீவ் லெட்டர் எழுதும்போது என்ன கிறுக்குப் பிடித்ததோ, உள்ளதை எழுதிவிட்டேன். ‘எங்கள் பவர் டேபிளில் ஷிப்மெண்ட் இருந்ததால் பிசிறு வெட்டினேன். அதனால் வர இயலவில்லை.’ அழகான கையெழுத்து வேறு. கணக்கு சார் படித்தார். முகம் வெளுத்துவிட்டது.

“ஏம்புள்ள, இத இன்ஸ்பெக்சனுக்கு வர்றவங்க பாத்தா எம்பட வேல என்னாகும்? காய்ச்சல்னு எழுதியிருந்தா நாம்பாட்டுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்ல. உன்னைய ஆரு இதயெல்லாம் எழுதச் சொன்னா?”

பேப்பரைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்தார். இரண்டு பீரியடு வராந்தாவில் முட்டி போட வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பிராக்ரஸ் கார்டைப் பார்த்து அப்பாவிடம் என்னை மேலே படிக்க வைக்கச் சொன்னவரே அவர்தான். அவருக்கு மேலே ஒருத்தர், அந்த ஒருத்தருக்கு மேலே இன்னொருத்தர் என்று ஏணி முழுக்கப் பயம் இறங்கி வந்து, கடைசிப் படியில் இருந்த என் முழங்காலில் நின்றது. பள்ளிக்கூடத்தில் நீதிபோதனை வகுப்பு வாரம் ஒன்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது என்று அங்கே சொன்னார்கள். வராந்தா சொன்னதுதான் எனக்குள் தங்கியது. அந்தச் சிமெண்டுத் தரையின் சொரசொரப்பைத்தான், இருபத்தாறு வருடம் கழித்து, வேறு நாட்டில், சாப்பாட்டு மேசையில் என் மகளுக்குப் பரிமாறினேன்.

எதை வேண்டுமானாலும் பாடமாக வைக்கலாம். பிள்ளைகள் படிப்பது அந்த இடத்தின் காற்றைத்தான்.

4

இப்போது நேற்றைய கதை!

கல்யாணத்தில் சுகந்தி வந்திருந்தாள். ஒன்றிலிருந்து பத்து வரை என் பக்கத்து இடம். அவளுடைய அம்மா எங்கள் பவர் டேபிளில்தான் தைத்தார். இப்போது அதே பள்ளிக்கூடத்தில் சுகந்தி ஐந்தாம் வகுப்பு டீச்சர்! “புள்ளையக் கூட்டிட்டு வா பிரபா, பள்ளிக்கூடம் தொறந்தாச்சு, ஒரு நாள் எங்கூட உக்காரட்டும்” என்றாள். தலைமை ஆசிரியரிடமும் அவளே அனுமதி வாங்கிவிட்டாள். நம் பள்ளியில் யாராவது பிரம்பைத் தூக்கி, அதைப் போய் இவள் அங்கே சந்தோஷச் சுற்றில் சொல்லி, எழுதுகிற பிள்ளை எழுதிக்கொண்டால்?

கட்டடம் எனக்கு அடையாளமே தெரியவில்லை. வராந்தாவுக்கு டைல்ஸ். சம்யுவை முதல் வரிசையில் பிங்கி என்ற பெண்ணின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பிங்கியின் அப்பா அம்மா பீகாரிலிருந்து வந்து தையல் கம்பெனியில் வேலை செய்கிறார்கள். பிங்கி பேசுகிற தமிழைக் கேட்க வேண்டுமே! சம்யு அவளிடம் தயங்கித் தயங்கி, “என்னுடைய வீடு ஜெர்மனியில் உள்ளது” என்றாள். பிங்கி, “ஊடுன்னு சொல்லோணும். அங்க உங்கூட்டுல நாய் இருக்குதா?” என்றாள். பாட்னா பக்கத்துப் பெண் என் மகளுக்குக் கொங்குத் தமிழ் கற்றுக்கொடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம்.

நான் ஆபீஸ் அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சுகந்தியும் ஏதோ கையெழுத்துக்காக அங்கே வந்திருந்தாள். ‘ஓ’ என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு கூச்சல். ஓடினோம்.

வகுப்பு முழுக்கத் தண்ணீர். மூலையில் இருந்த குடிதண்ணீர் டிரம்மின் குழாய் கழன்று கீழே கிடந்தது. அந்தக் குழாய் லூசு. ஒரு கையால் அடியில் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும் என்பது அந்த வகுப்புக்குத் தெரியும். என் மகளுக்கு எப்படித் தெரியும்? அன்று காலையில்தான் வந்து இறங்கிய புதுப் பாடப்புத்தகக் கட்டுகள் தரையில் இருந்தன. அடிக்கட்டு இரண்டும் ஊறிப்போய்விட்டன. இரண்டு பையன்கள் ஓட்டையைக் கையால் அடைத்துக்கொண்டிருந்தார்கள், பரம ஆனந்தமாக.

சம்யு நடுவில் நின்றாள். பாவாடை எல்லாம் ஈரம். நேராகச் சுகந்தியைப் பார்த்து, “நான்தான் உடைத்தேன்” என்றாள்.

அதற்குள் பிங்கி எழுந்துவிட்டாள். “இல்லீங்க டீச்சர், நாந்தானுங்க. குழாய நாந்தானுங்க உருவிட்டேன்.”

“இல்லை! நான்!” என்றாள் சம்யு.

“இந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க டீச்சர். நாந்தானுங்க.”

குற்றத்துக்கு இரண்டு பேர் போட்டி! பிள்ளைகள் கைதட்டாத குறை. சம்யுவுக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. பிங்கியைப் பார்த்து, “ஏன் பொய் சொல்ற? பயமா?” என்று கேட்டாள்.

பிங்கிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “பயமா? எதுக்கு? டீச்சர் அடிக்கவே மாட்டாங்க. நீ விருந்தாளி. எங்க கிளாசுக்கு வந்துட்டு நீ அழுதுட்டுப் போலாமா?” என்றாள்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இது நான் படித்த காற்று இல்லை. சம்யுவின் வட்ட நாற்காலிக் காற்றும் இல்லை. பயந்து பொய் சொல்கிற வகுப்பு எனக்குத் தெரியும், பயமில்லாமல் உண்மை சொல்கிற வகுப்பும் இப்போது தெரியும். பயமே இல்லாமல், வந்தவளுக்காக ஒரு பொய்யைத் தூக்கித் தலையில் வைத்துக்கொள்கிற வகுப்பை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அந்த நேரத்தில் எனக்கு அந்தப் பெண்ணை ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள வேண்டும் போலத்தான் இருந்தது.

சுகந்தி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “செரி, மொதல்ல புஸ்தகத்தக் காய வையுங்க. பெறகு பஞ்சாயத்து” என்றாள். அடுத்த கால் மணி நேரம் திருவிழாதான். நாற்பது பிள்ளைகளும் வராந்தாவில் புத்தகங்களை விரித்து வைத்து, பக்கத்துக்குப் பக்கம் ஊதி, அட்டைக்கு மேல் கல் வைத்து, ஒரே கும்மாளம். சம்யுவும் பிங்கியும் ஒரே புத்தகத்தை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு விசிறினார்கள்.

5

எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்ததும் சம்யு கையைத் தூக்கினாள். அவள் பள்ளிக்கூட வழக்கம். எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த அதே தெளிவான குரலில் சொன்னாள்: “டீச்சர், பிங்கி எனக்காகப் பொய் சொன்னா. எங்கம்மாவும் பொய் சொல்லப் பாத்தாங்க. இங்க வர்றதுக்கு, எனக்குக் காய்ச்சல்னு எழுதறேன்னாங்க. என்னையும் சொல்லச் சொன்னாங்க. எந்தப் பொய் தப்பு?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாற்பது தலைகள் வாசலில் நின்ற என் பக்கம் திரும்பின. பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் படித்த பள்ளி, என் தோழி டீச்சர், நான் எழுதாத லெட்டரை என் மகள் வாசிக்கிறாள்!

சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. சாக்பீஸை மேசையில் வைத்தாள்.

“உங்கம்மாவா? காய்ச்சல்னா?” என்றாள். பிறகு சம்யுவின் பக்கத்தில் போய் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். “கண்ணு, ஏழாங்கிளாசுல நானும் உங்கம்மாவும் ரெண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டோம். அவங்கூட்டுல ஒரே டேபிள்ல எதுத்தெதுத்தாப்பல உக்காந்து பிசிறு வெட்டுனோம். மூணாம் நாளு நான் காய்ச்சல்னு எழுதுனேன். உங்கம்மா நெசத்த எழுதுனா. இந்தா, இந்த வராந்தாலதான் ரெண்டு பீரியடு முட்டி போட்டா.”

சம்யு என்னைப் பார்த்தாள். பிங்கியும் பார்த்தாள்.

“அது மட்டுமில்ல. சார் வெளிய வந்து, உங்கூட வேற ஆரு பிசிறு வெட்டுனதுன்னு கேட்டாரு. நான் சன்னலோரமா உள்ள உக்காந்திருந்தேன். உசுரே இல்ல எனக்கு. இவ, ‘நாமட்டுந்தானுங்க சார்’னுட்டா.” சுகந்தி சன்னல் பக்கம் கையைக் காட்டினாள். “அன்னிக்கு எந்திரிச்சு ‘நானுந்தானுங்க’ன்னு சொல்லியிருக்கோணும். சொல்லுல. இத்தன வருசத்துல உங்கம்மா அத எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டதில்ல. இந்தக் கிளாசுல லீவ் லெட்டர்ல நெசமா என்ன காரணம் எழுதுனாலும் நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்னு இவங்களுக்கெல்லாந் தெரியும். அது ஏன்னு இன்னிக்கித்தான் சொல்றேன்.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அது மறந்தே போயிருந்தது. முழங்கால் நினைவிருந்தது, கிழிந்த பேப்பர் நினைவிருந்தது. சன்னலுக்கு உள்ளே சுகந்தி இருந்ததும், சார் கேட்டதும், நான் சொன்னதும் எங்கோ விழுந்துபோயிருந்தன. அன்றைக்கு உண்மைக்காக முட்டி போட்டுக்கொண்டே ஒரு பொய்யும் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருடமாக முட்டி போட்டதை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தொலைத்திருக்கிறேன் பாருங்கள்.

நான் அழுதேனா என்று கேட்காதீர்கள். சுகந்தியும் நானும் அந்த வாசலில் பிள்ளைகளுக்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு பைத்தியங்கள் மாதிரி சிரித்தோம். பிங்கி மட்டும் காரியத்தில் கண்ணாக, “அப்ப குழாய உருவுனது ஆருங்க டீச்சர்?” என்று கேட்டாள். “ரெண்டு பேருந்தான். சாயங்காலம் ரெண்டு பேரும் தரையத் தொடச்சுட்டுப் போங்க” என்று தீர்ப்பு ஆனது.

துடைத்தார்கள். நான் வெளியே காத்திருந்தேன். பிறகு சம்யுவை ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து ஓட்டிக்கொண்டு வந்தேன். பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது, முந்த வழியில்லை. என் இடுப்பைச் சுற்றியிருந்த அவள் கை இறுகியிருந்தது.

பாதி வழியில் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அம்மா, முட்டி வலிச்சுதா?”

“வலிச்சுது கண்ணு.”

காய்ச்சல் மாதிரியா என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

“கிளாஸன்ராட்ல நான் இதெல்லாம் சொல்லலாமா? நீ காய்ச்சல்னு எழுதறேன்னது, முட்டி போட்டது, டீச்சரக் காட்டிக் குடுக்காதது, எல்லாம்?”

பதினோரு வருடமாக அந்த ஊர்க்காரர்கள் முன்னால் நான் கட்டிக் காத்த மானம் ஒரு நிமிடம் கண் முன்னால் வந்து நின்றது. வண்டி விலகி வழி கிடைத்தது. ஆக்சிலேட்டரைத் திருகினேன்.

“எல்லாத்தையும் சொல்லு கண்ணு. முட்டி போட்டத மட்டும் மொதல்ல சொல்லிரு.”